கருவிக்கும் குத்தகையா?

மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் வாங்கிப் படிக்கிற இந்தப் பத்திரிகையில் கம்ப்யூட்டர் விவகாரத்தைப் பற்றித் தலையங்கம் எதற்கு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. அதற்குப் பதில் சொல்லிவிட்டே விஷயத்துக்கு வருகிறோம்.

பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணி பாய்கிற ஊர்களில், நூற்பாலையிலும் வயலிலும் உழைத்துத் தேய்ந்த பெற்றோர், தம் பிள்ளைகளாவது பஞ்சுத் தூசியிலும் வெயிலிலும் வாடாமல் பிழைக்கட்டும் என்று கடன் வாங்கிப் படிக்க வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று திருநெல்வேலி ஜங்ஷனிலும் பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் வீரவநல்லூரிலும் உள்ள டி.டி.பி. கடைகளில், போட்டோ ஸ்டூடியோக்களில், பிளெக்ஸ் கடைகளில், அச்சகங்களில் கம்ப்யூட்டர் முன்னால் அமர்ந்து வேலை செய்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை, கோவில் கொடை நோட்டீஸ், காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கல்யாண ஆல்பம் எல்லாம் அவர்கள் கைவேலை. நமது சங்கங்களின் மே தினச் சுவரொட்டியும் அவர்கள் கையிலிருந்துதான் வருகிறது.

தச்சனுக்கு உளி போல, கொத்தனுக்குக் கரண்டி போல, இவர்களுக்கும் கருவி உண்டு. படத்தைத் திருத்த ஒன்று, சித்திரம் வரைய ஒன்று, பக்கம் கட்ட ஒன்று. சாப்ட்வேர் என்று அதற்குப் பெயர். இந்தக் கருவிகளை விலைக்கு விற்பதையே நிறுத்திவிட்டு, மாதக் குத்தகைக்கு மட்டுமே விடுவது என்ற ஏற்பாட்டை அமெரிக்க ஏகபோகக் கம்பெனி ஒன்று உலகம் முழுவதும் புகுத்தியிருக்கிறது. குத்தகை என்றால் என்னவென்று தாமிரபரணிக் கரை விவசாயிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆகவேதான் இந்தத் தலையங்கம்.

நடந்தது என்ன?

அடோபி கம்பெனி 1982-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. அதன் போட்டோஷாப் 1990-ல் சந்தைக்கு வந்தது. பக்கம் கட்டும் பேஜ்மேக்கரை உருவாக்கிய ஆல்டஸ் கம்பெனியை 1994-ல் அடோபி விழுங்கியது. அன்று முதல் நம் நாட்டு அச்சுத் தொழிலே அதன் சாமான்களைச் சுற்றி வளர்ந்தது. தனியார் பயிற்சிக் கூடங்கள் அவற்றைத்தான் சொல்லிக் கொடுத்தன. வேலைக்குப் போனால் அவை தெரியுமா என்றுதான் கேட்டார்கள். அச்சகம் அந்த வடிவத்தில் உள்ள பைலைத்தான் கொண்டுவரச் சொன்னது. போட்டோவைத் திருத்துவதற்கே "போட்டோஷாப் பண்ணுவது" என்று நம் ஊர்ப் பேச்சில் பெயர் வந்துவிட்டது. சம்பளமில்லாமல் இந்தக் கம்பெனிக்கு விளம்பரம் செய்தவர்கள் அதன் வாடிக்கையாளர்களே.

அந்தக் காலத்தில் ஒரு தடவை விலை கொடுத்தால் கருவி சொந்தம். புதிய பதிப்பு வந்தால், பழைய வாடிக்கையாளர் குறைந்த விலையில் மாற்றிக் கொள்ளலாம். வேண்டாமென்றால் பழையதையே வைத்துப் பிழைக்கலாம். 2012-ல் வந்த சி.எஸ். 6 என்ற பதிப்புடன் இந்த ஏற்பாடு முடிந்தது. 2013 மே மாதத்தில் கம்பெனி அறிவித்தது: இனி புதிய பதிப்பு எதையும் விலைக்குத் தருவதில்லை, மாதா மாதம் பணம் கட்டுகிறவருக்கே தருவோம்!

அமெரிக்க விலையிலேயே கணக்குப் பார்ப்போம். போட்டோஷாப்பின் முழு விலை 699 டாலர். பழைய வாடிக்கையாளர் புதிய பதிப்புக்கு மாறுவதற்கு 199 டாலர். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மாறுகிறவருக்கு, மூன்று வருஷத்துக்கு 199 டாலர்தான் செலவு. புதிய ஏற்பாட்டில் அதே போட்டோஷாப் மாதம் 19.99 டாலர் என்றார்கள். மூன்று வருஷத்துக்கு ஏறத்தாழ 720 டாலர்! மூன்றரை மடங்குக்கு மேல். முழுத் தொகுப்பை எடுத்தால் 2013-ல் மாதம் 49.99 டாலர். 2,599 டாலருக்கு விற்ற பெருந்தொகுப்பின் முழு விலையும் நாலு வருஷம் நாலு மாதத்தில் வாடகையாகவே போய்விடும். அதற்குப் பிறகாவது கருவி சொந்தமா? இல்லை. ஐந்தாவது வருஷமும் கட்ட வேண்டும், பத்தாவது வருஷமும் கட்ட வேண்டும். கட்டணமும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 2025-ல் வட அமெரிக்காவில் முழுத் தொகுப்பு, செயற்கை நுண்ணறிவு வசதிகளைச் சேர்த்து, பெயரையும் மாற்றி, 69.99 டாலராக ஏறியது. நம் நாட்டில் ரூபாய் விலை தனி. அதன்மேல் சர்க்காருக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு.

மண்வெட்டிக் கணக்கு

இதை நம் வயலுக்குக் கொண்டுவந்து பார்த்தால் அநியாயம் விளங்கும். மண்வெட்டி வாங்கக் கடைக்குப் போகிறோம். "விற்பதில்லை, மாத வாடகைக்கு மட்டும்தான்" என்கிறான் கடைக்காரன். சரி என்று எடுத்து வருகிறோம். ஒரு மாதம் வாடகை தவறியது. மண்வெட்டி வெட்ட மறுக்கிறது. அது மட்டுமா? அந்த மண்வெட்டியால் இதுவரை வெட்டிய வாய்க்காலும் அடைத்துக் கொள்கிறது! சாப்ட்வேரில் நடப்பது இதுவே. பணம் கட்டுவது நின்றால் கருவி நின்றுவிடும். அந்தக் கருவியில் பத்து வருஷமாகச் செய்து வைத்த வேலைகளைத் திறந்து திருத்தவும் வழி அடைபடும். உழைப்பு தொழிலாளியுடையது, சாவி கம்பெனியுடையது.

நெல் விவசாயி குத்தகையைக் கார் அறுவடையிலும் பிசான அறுவடையிலும் அளக்கிறான். விளைந்தால்தானே அளக்க முடியும்? இந்தக் கம்பெனிக்கு அந்தத் தர்மமும் கிடையாது. ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் கல்யாணம் இல்லை. ஸ்டூடியோவில் ஈ ஓட்டிக் கொண்டிருந்தாலும் வாடகை கட்டியாக வேண்டும். இரண்டு மாதம் நிறுத்திப் பிறகு தொடரலாம் என்று பார்த்தால், வருஷ ஒப்பந்தம் போட்டு மாதத் தவணை கட்டுகிறவர், முதல் வருஷத்தில் இடையில் விலகினால் மீதித் தவணையில் பாதியைத் தண்டம் கட்ட வேண்டும் என்ற விதி வந்து கழுத்தைப் பிடிக்கிறது. இந்தத் தண்டத்தைச் சரியாகச் சொல்லாமல் மறைத்தார்கள், விலகும் வழியையும் சிக்கலாக்கினார்கள் என்று குற்றம் சாட்டி, 2024 ஜூனில் அமெரிக்க அரசாங்கமே அடோபியின் மீது வழக்குத் தொடுத்தது. முதலாளித்துவத்தின் தலைவீட்டிலேயே சகிக்க முடியாமல் போன சங்கதி இது.

விசுவாசத்துக்குப் பரிசு

இந்த ஏற்பாட்டால் அதிகம் அடிபட்டவர்கள் யார்? பழைய வாடிக்கையாளர்களே. இருபது வருஷமாக ஒவ்வொரு பதிப்பாக வாங்கி, அந்தக் கருவிக்கே கையைப் பழக்கி, தம் வேலை அனைத்தையும் அதன் வடிவத்திலேயே சேர்த்து வைத்தவர்கள். புதிதாக வருகிறவன் வேறு கருவியைப் பார்த்துப் போய்விடலாம். இவர்களால் போக முடியாது. எவ்வளவுக்கு விசுவாசமோ அவ்வளவுக்கு விலங்கு! 2013-ல் முப்பதாயிரம் பேருக்கு மேல் கையெழுத்திட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கம்பெனி முடிவை மாற்றவில்லை. பழைய வாடிக்கையாளருக்கு முதல் வருஷம் மட்டும் குறைந்த கட்டணம் என்று சலுகை காட்டியது.

இந்தச் சலுகையைக் கண்டு ஏமாற நாம் நேற்றுப் பிறந்தவர்கள் அல்ல. 1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது வெள்ளைக்காரக் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது. அப்புறம் இலவசமாகவே ஏற்றிக் கொள்கிறோம், குடையும் தருகிறோம் என்றது. சுதேசிக் கம்பெனி ஒழிந்த பிறகு குடையும் இல்லை, இலவசமும் இல்லை. முதல் வருஷச் சலுகை என்பது அந்தக் குடைதான்.

விசுவாசத்துக்கு முதலாளி தரும் பரிசு எதுவென்று மாஞ்சோலையைக் கேட்டால் தெரியும். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 8,374 ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்குப் பெற்றது பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். தலைமுறை தலைமுறையாக அட்டைக் கடியிலும் குளிரிலும் அந்த மலையைப் பொன்னாக்கியவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களின் கூலிக்காகவும் உரிமைக்காகவும் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் வந்தவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது. 17 உயிர்கள் தாமிரபரணியில் மாண்டன. 2024-ல் அதே கம்பெனி மிச்சமிருந்த தொழிலாளரிடம் விருப்ப ஓய்வுக் காகிதத்தை நீட்டியது. இரண்டு துன்பமும் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. உயிரும் வீடும் போனதற்கு எதுவும் ஈடாகாது. ஆனால் லாபக் கணக்கில் விசுவாசத்துக்கு ஒரு காசும் வரவு வைப்பதில்லை என்ற பாடம் இரண்டுக்கும் பொது. கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகை. கைத்தொழிலாளிக்கு ஒரு மாதக் குத்தகை. இதுதான் அவர்களுடைய சமத்துவம்!

கம்பெனியின் வாதம்

கம்பெனி தரப்பில் மூன்று வாதங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, பெரிய தொகையை ஒரே தடவை போட முடியாதவருக்கு மாதத் தவணை சௌகரியம். இதில் ஓரளவு உண்மை உண்டு, மறுக்கவில்லை. புதிதாகக் கடை போடுகிற இளைஞனுக்கு முதல் மாதம் பாரம் குறைவுதான். ஆனால் தவணை வேறு, குத்தகை வேறு. தவணையில் கடைசித் தவணை என்று ஒன்று உண்டு. அதோடு பொருள் சொந்தமாகும். விருப்பமானவருக்கு வாடகை, விருப்பமானவருக்கு விற்பனை என்று இரண்டையும் வைத்தால் யார் வேண்டாமென்றார்கள்? வாடகை அவ்வளவு நல்லதென்றால் விற்பனையை ஏன் மூட வேண்டும்?

இரண்டாவது, ஓயாமல் புதுப்பித்துத் தருகிறோம், அதற்குச் செலவாகிறது என்கிறார்கள். சாப்ட்வேர் எழுதுவதும் உழைப்பே; எழுதுகிற தொழிலாளிக்கு நல்ல சம்பளம் வேண்டும் என்பதில் நம்மைவிட அக்கறை யாருக்கு? ஆனால் வரவைப் பாருங்கள். 2013-ல் சுமார் 400 கோடி டாலராக இருந்த கம்பெனியின் வருஷ வருமானம் 2024-ல் 2,150 கோடி டாலராகிவிட்டது. போட்டிக்கு வளர்ந்து வந்த பிக்மா என்ற கம்பெனியை 2,000 கோடி டாலருக்கு விழுங்கப் பார்த்தது. ஐரோப்பிய, பிரிட்டிஷ் அதிகாரிகள் ஆட்சேபித்ததால் 2023 டிசம்பரில் கைவிட்டு, ஒப்பந்தம் முறிந்ததற்காக 100 கோடி டாலரை எடுத்துக் கொடுத்தது. போட்டியே இல்லாமல் செய்யத் துடிக்கும் பணம் யாருடைய பணம்? ஆடி மாதத்திலும் வாடகை கட்டிய ஸ்டூடியோக்காரரின் பணம்.

மூன்றாவது, திருட்டுப் பிரதியை ஒழிக்க இதுவே வழி என்கிறார்கள். நம் ஊர்க் கடைகள் பலவற்றில் திருட்டுப் பிரதி ஓடுவது உண்மை. அதை நாம் ஆதரிக்கவில்லை. 1957-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி தெரிந்தே அப்படிப் பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்று வருஷம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சோதனை வந்தால் மாட்டிக் கொள்கிறவர் முதலாளியாக இருப்பதில்லை. சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் பையன் முதலில் போலீஸ் ஸ்டேஷன் போகிறான். ஆனால் கட்ட முடியாத விலையை வைத்துவிட்டு, கட்டவில்லை என்று குற்றம் சாட்டுவது எந்த ஊர் நியாயம்? அதிலும், ஒழுங்காக விலை கொடுத்து வாங்கியவரையே தண்டிப்பது திருட்டை ஒழிக்கும் வழியா?

சாவி யார் கையில்?

விலையை விடப் பெரிய அபாயம் ஒன்று இருக்கிறது. 2019 அக்டோபரில் அமெரிக்க ஜனாதிபதியின் தடை உத்தரவைக் காட்டி, வெனிசுவேலா நாட்டில் உள்ள தன் வாடிக்கையாளர் அனைவரின் கணக்கையும் மூடப் போவதாக அடோபி அறிவித்தது. கட்டிய பணத்தைத் திருப்பித் தரவும் முடியாது என்றது. அந்நாட்டுப் போட்டோக்காரரும் பத்திரிகைக்காரரும் என்ன பிழை செய்தார்கள்? ஒன்றுமில்லை. உலகெங்கும் கண்டனம் எழுந்தது. அமெரிக்க அரசாங்கத்திடம் அனுமதி பெற்று, அம்மாத இறுதியிலேயே கம்பெனி அந்த முடிவை வாபஸ் வாங்கியது. ஆனால் சாவி எங்கே இருக்கிறது என்பது அன்று அம்பலமாயிற்று. வாஷிங்டனில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் பாளையங்கோட்டையில் ஓர் அச்சகம் நிற்கும் என்ற நிலை சுதந்திர நாட்டுக்கு அழகா?

இது ஒரு கம்பெனியின் கதை மாத்திரமல்ல. விற்பது போல் விற்று, உரிமையைத் தன்னிடமே வைத்துக் கொள்வது இன்றைய ஏகபோகத்தின் பொது முறையாகிவிட்டது. டிராக்டர் ரிப்பேரை விவசாயியே பார்த்துக் கொள்ள முடியாமல் சாப்ட்வேரால் பூட்டி வைத்ததாக ஜான் டியர் கம்பெனி மீது 2025 ஜனவரியில் அமெரிக்காவில் வழக்கு வந்தது. நம் பருத்தி விவசாயி பி.டி. விதைக்கு வருஷா வருஷம் மான்சான்டோ கம்பெனிக்கு உரிமைப் பணம் அழுதான். அங்கே அரசாங்கம் தலையிட முடிந்தது: 2016-ல் ஒரு பாக்கெட்டுக்கு 163 ரூபாயாக இருந்த அந்தப் பணத்தை 49 ரூபாயாகக் குறைத்து மத்திய அரசு உத்தரவு போட்டது. விதைக்கு முடிந்தது சாப்ட்வேருக்கு ஏன் முடியாது?

நிலத்திலும் இப்படித்தான் ஒரு காலம் இருந்தது. நினைத்தபோது குத்தகையை உயர்த்தலாம், நினைத்தபோது வெளியேற்றலாம். விவசாயிகள் போராடினார்கள். 1955-ல் குத்தகை ஒழுங்காகச் செலுத்தும் சாகுபடியாளரை வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வந்தது. 1956-ல் நியாயக் குத்தகைச் சட்டம் வந்தது. நஞ்சையில் மகசூலில் நூற்றுக்கு 40 பங்கு என்று வரம்பு கட்டியது. பின்னர் அது 25 ஆகக் குறைந்தது. ஓட்டைகள் நிறைந்த சட்டங்கள்தான். ஆனாலும் குத்தகைக்கு ஒரு வரம்பு உண்டு என்ற கொள்கையை நாட்டில் நிலைநாட்டியவை அவை. கம்ப்யூட்டர்க் கருவிக்கு அந்த வரம்பு இன்றுவரை இல்லை.

வழி இருக்கிறது

புலம்பிப் பயனில்லை. வழி இருக்கிறது, நடந்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். கேரளத்துக் கம்யூனிஸ்டுத் தோழர்களின் நாளேடான "ஜனயுகம்" 2019-ல் கம்பெனிச் சாப்ட்வேரை விட்டு, யாரும் கூலியின்றி எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமை உள்ள சுதந்திர மென்பொருளுக்கு மாறியது. பக்கம் கட்ட ஸ்கிரைபஸ், படத்துக்கு கிம்ப், சித்திரத்துக்கு இங்க்ஸ்கேப். பழகிய கையை மாற்றுவது சுலபமல்ல. பயிற்சி வேண்டும், பொறுமை வேண்டும், துணைக்கு வர ஆர்வலர் வேண்டும். எல்லாம் சேர்ந்ததால் நாள் தவறாமல் வரும் பத்திரிகையே மாறிக் காட்டியது.

இன்னொரு உதாரணம். பொம்மைப் படம் தயாரிக்கும் பிளெண்டர் என்ற கருவியைச் சொந்தமாக வைத்திருந்த கம்பெனி 2002-ல் மூடிய நிலையில், அதைப் பயன்படுத்தியவர்களே காசு சேர்த்தார்கள். ஏழே வாரத்தில் 1 லட்சம் யூரோ திரட்டி, கருவியை விலைக்கு வாங்கி, உலகுக்கே பொதுச் சொத்தாக விட்டார்கள். அந்தக் கருவியில் லாட்வியா நாட்டுக் கலைஞர்கள் எடுத்த "ப்ளோ" என்ற படம் 2025-ல் ஆஸ்கார் பரிசு பெற்றது. சங்கத்துக்குச் சந்தா சேர்த்துக் கட்டிடம் கட்டிய நமக்கு இந்த வித்தை புதிதல்ல.

இந்தச் சுதந்திரக் கருவிகள் எல்லா வேலைக்கும் இன்றே ஈடாகும் என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். சில வேலைகளுக்குக் குறை உண்டு. குறையைத் தீர்க்க ஆளும் பணமும் போட வேண்டியது அரசாங்கத்தின் கடமை. ஆகவே நாம் கோருகிறோம்:

வாடகையோடு விலைக்கும் விற்க வேண்டும். விலை கொடுத்தவரின் கருவியை எக்காலத்திலும் பூட்டக் கூடாது.

வாடகை நின்றாலும், செய்து வைத்த வேலையைத் திறந்து எடுத்துக் கொள்ளும் உரிமை தொழிலாளிக்கு இருக்க வேண்டும்.

இடையில் விலகினால் தண்டம் என்ற விதியை மத்திய அரசு தடை செய்ய வேண்டும். விதையைப் போல இதிலும் விலைக்கு வரம்பு கட்ட வேண்டும்.

அரசு ஐ.டி.ஐ.களிலும் பாலிடெக்னிக்குகளிலும் பள்ளிகளிலும் சுதந்திர மென்பொருளில் பயிற்சி தர வேண்டும். அதில் தமிழ் எழுத்து வசதியை வளர்க்க மாநில அரசு பணம் ஒதுக்க வேண்டும்.

டி.டி.பி. கடைகளிலும் ஸ்டூடியோக்களிலும் வேலை செய்யும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதால் நீங்கள் தொழிலாளி அல்லாமல் போய்விடவில்லை. 1908-ல் தூத்துக்குடி கோரல் மில்லில் வேலை நிறுத்தம் செய்து வென்றவர்களுக்கும் தனித்தனியே பலம் இருக்கவில்லை. சேர்ந்து நின்றார்கள், வென்றார்கள். நீங்களும் ஊருக்கு ஊர் சங்கம் அமையுங்கள். கடைச் சொந்தக்காரர்களிலும் பெரும்பாலோர் உங்களைப் போல அல்லல்படுகிறவர்களே. இந்தப் போராட்டத்தில் அவர்களையும் சேர்த்துக் கொள்ளுங்கள். ஒருவர் சுதந்திரக் கருவியில் பழகினால் பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுங்கள்.

மில் தொழிலாளத் தோழர்களே, விவசாயத் தொழிலாளத் தோழர்களே! உங்கள் பிள்ளைகளின் கையில் இருக்கும் கருவிக்கு எங்கோ இருக்கும் முதலாளி குத்தகை வாங்குகிறான். உழுபவனுக்கு நிலம் வேண்டும் என்று கேட்ட வாய், உழைப்பவனுக்குக் கருவி வேண்டும் என்றும் கேட்கட்டும். இன்று மாலை உங்கள் மகனையோ மகளையோ அருகில் உட்கார வைத்து இந்தத் தலையங்கத்தைப் படித்துக் காட்டுங்கள். மாத வாடகை எவ்வளவு என்று கேளுங்கள். போராட்டம் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கட்டும்!